டில்லி அதிகாரியைத் துரத்திப் போன நான்கு நாள்

கோயம்புத்தூருக்கு அதுவரை இரண்டு முறைதான் போயிருந்தேன். இரண்டு முறையும் ஆஸ்பத்திரிக்கு. ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகப் பார்த்தால் எந்த ஊரும் ஊராகத் தெரியாது. மூன்றாம் முறை போனது, டில்லியிலிருந்து வந்திருந்த ஓர் அதிகாரியைப் பிடித்து எங்கள் குட்டைக் கரைக்குக் கல் வாங்குவதற்காக. என் பேரில் இருந்த ஒரு தப்பையும் அவரிடம் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கல் வாங்கப் போகிறேன் என்றுதான் ஊரில் சொன்னேன். இன்னொன்றை யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் ஊர் தாராபுரத்துக்கு வடக்கே மானாவாரிக் காடு. ஊருக்கு மேற்கே ஒரு குட்டை. அதில் தண்ணீர் நின்றால் பன்னிரண்டு கிணறு ஊறும். போன ஐப்பசி மழையில் கரை உடைந்து, வந்த தண்ணீர் எல்லாம் வந்த வேகத்திலேயே ஓடிப்போனது. மார்கழியிலேயே குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் நடந்தோம். அப்போதுதான் கிராம சேவக் வந்து, கரையைப் பாதி ஊர் கட்டினால் மீதிப் பாதியைச் சர்க்கார் கட்டித் தரும் என்று சொன்னார். ஊர்ப் பாதியைப் பணமாகத் தர வேண்டியதில்லை, உழைப்பாகத் தந்தால் போதும். மண் போடுவது எங்கள் பாதி. கல் பதிப்பதும் மதகு கட்டுவதும் சர்க்கார் பாதி.

நான் மாதர் சங்கத் தலைவி. தை மாதம் முதல் ஆடி வரை பெண்பிள்ளைகளைக் கூட்டி மண் சுமந்தோம். எங்கள் காட்டில் வேலை பார்க்கிற மாராத்தாள், தான் குடியிருக்கும் தெற்கு வளவிலிருந்து முப்பது பேரைக் கூட்டி வந்தாள். எங்கள் வடக்கு வளவில் என்னால் இருபது பேரைத்தான் சேர்க்க முடிந்தது. அதை இங்கே எழுதிவிடுவதே நியாயம்.

மண் எடுக்கிற குழியில் நடுநடுவே ஒரு தூணைத் தொடாமல் விட்டு வைப்பது வழக்கம். அதன் தலையில் பழைய புல் அப்படியே இருக்கும். எவ்வளவு ஆழம் தோண்டினோம் என்பதற்கு அந்தத் தூண்தான் அளவு. அதைச் சாட்சி என்போம். எங்கள் குழியில் பதினெட்டு சாட்சிகள் நின்றன.

ஆவணி மாதம், டில்லியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வட்டாரத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறார், நம் குட்டைக்கும் வருவார் என்று சேதி வந்தது. நான் போய்க் குழியைப் பார்த்தேன். மொட்டை மொட்டையாகப் பதினெட்டு மண்தூண் நிற்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை.

"இதையெல்லாம் வெட்டிச் சமம் பண்ணிப்போடு மாரா" என்றேன்.

"சாட்சியில கை வெக்கக் கூடாதுங்காத்தா. அளக்கறவரு வர்ற வரைக்கும் நிக்கட்டுமுங்க."

"விருந்தாளி, ஒரம்பரை வர்ற ஊட்டு வாசல்ல மொளைக்குச்சி அடிச்சு வெப்பாங்களா? அவரு தடுக்கி உழுந்தா ஊருக்குத்தான் கெட்ட பேரு. சொன்னதைச் செய்யி."

வெட்டினார்கள். மேடு பள்ளம் தெரியாமல் நிரவி, முள் பொறுக்கி, கல் பொறுக்கி வைத்தோம். கோலம் போடாதது ஒன்றுதான் குறை. அந்த அதிகாரி அன்றைக்கு வரவில்லை. பத்து நாள் கழித்து அளவு நாடாவோடு ஓவர்சியர் வந்தார். குழியைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

"அம்மணி, சாட்சி எங்கீங்க?"

என் காலடி மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நானா ஒரு கணக்கு எழுத முடியாதுங்க. முன்னாலயே இருந்த கரையைக் காட்டிப் புதுசுன்னு சொல்ற ஊரும் இருக்குது. அளவு இல்லாத வேலைக்கு டில்லிப் பங்கு வராதுங்க" என்று சொல்லிவிட்டு நாடாவைச் சுருட்டினார்.

எங்கள் வட்டாரத்துப் பிளாக் ஆபீசர் நல்ல மனிதர். ஆனால் அவரும் சட்டத்தைத்தான் சொன்னார். அளவு வேண்டும் என்பது டில்லி உத்தரவு, தன்னால் மாற்ற முடியாது, டில்லி அதிகாரி ஒரு வார்த்தை சொன்னால் மறுநாளே கல் அனுப்புவேன், அவர் இந்த வாரம் கோயம்புத்தூரில்தான் இருக்கிறார் என்றார். அப்போது புரட்டாசி பிறந்துவிட்டது. கல் பதிக்காத மண் கரை ஐப்பசி மழைக்கு வெல்லம் மாதிரி கரையும். ஐம்பது பெண்களின் ஏழு மாத உழைப்பு என் ஒரு வார்த்தையால் போகப் போகிறது.

பஞ்சாயத்தில் யார் போவது என்று பேச்சு வந்தது. ஆண்களுக்கு எல்லாம் விதைப்பு. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "வெட்டச் சொன்னவிங்களே போகட்டும்" என்றது. யார் என்று திரும்பிப் பார்க்கவில்லை. போகிறேன் என்று சொல்லிவிட்டேன். மாராத்தாள் தானாக எழுந்து, "நானும் வாரனுங்க. ஆத்தா மட்டும் போனா, எல்லாம் சுத்தமா இருக்குதுன்னு சொல்லிப்போட்டு வந்துருவாங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டேன்.

முதல் நாள். புளிச்சோற்றைப் பாக்கு மட்டையில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். பாதி வழியில் பஸ் முன்னாலிருந்து புகை விட ஆரம்பித்தது. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்து பார்த்து, "தண்ணி காட்டணுமுங்க" என்றார், மாட்டைச் சொல்வது போல. கண்டக்டர் இரண்டு தகர டப்பாவை நீட்டினார். ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாங்கள் இருவரும் டப்பாவை வாங்கிக்கொண்டு ஒரு தோட்டத்துக் கிணற்றுக்குப் போய் நிரப்பி வந்தோம்.

புகையிலைக் கட்டு வைத்திருந்த ஒருவர், "எந்த ஊருங்க அம்மணி, இந்த நடை நடக்கறீங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

"அட, அந்த உடைஞ்ச குட்டை ஊரா? அப்பத் தண்ணி சுமந்து பழக்கந்தான்."

"இப்பக் கட்டிப்போட்டமுங்க" என்றாள் மாராத்தாள்.

"கல்லுப் பதிச்சாச்சா?"

"அதுக்குத்தான் போறமுங்க. ஆத்தா டில்லிக்காரரு கையைப் புடிச்சு இழுத்துட்டு வரப் போறாங்க."

பஸ் முழுக்க அந்தப் பேச்சுதான். இறங்கும்போது டிரைவர், "கல்லு வந்தா ஒரு சொல்லுச் சொல்லியனுப்புங்க" என்றார். முன்பின் அறியாத மனிதர், தன் வீட்டுக் காரியம் போலச் சொன்னார்.

கோயம்புத்தூரில் எனக்குப் பிடித்தது தெருக் குழாய். கலெக்டர் ஆபீசுக்குப் போகிற வழியில் ஒன்றைத் திருகிக் குடித்தோம். சிறுவாணித் தண்ணீர் என்றார்கள். சர்க்கரை போடாத பானகம் மாதிரி இருந்தது. மலையிலிருந்து குழாய் போட்டு எவ்வளவு தூரம் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று மாராத்தாள் மேற்கே பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த நேரம் மில் சங்கு ஊதியது. சோற்றுத் தூக்குப் போசியோடு பெண்கள் எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் ஊரில் நோம்பித் திருவிழாவுக்குப் போகிறவர்கள்கூட அந்த வேகத்தில் போக மாட்டார்கள்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் இருந்த சேவகர், "எந்த டில்லி அதிகாரி? இந்த வாரம் மூணு பேரு வந்திருக்காங்க. கைத்தறிக்கு ஒருத்தர், மலேரியாவுக்கு ஒருத்தர், பிளாக்குக்கு ஒருத்தர்" என்றார்.

"குட்டைக்கு வந்தவரு" என்றேன்.

"அவரு காலையிலயே உடுமலைப்பேட்டைப் பக்கம் அணைக்கட்டு வேலை பார்க்கப் போயிட்டாரே."

அங்கே இருந்த ஒரு குமாஸ்தா இரக்கப்பட்டு எங்கள் மனுவை வாங்கிப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"சாட்சிகள் இல்லாமல் போயினன்னு எழுதியிருக்கே. எப்படிப் போச்சு? மழையில கரைஞ்சுதா, மாடு முட்டுச்சா?"

மனுவை எழுதச் சொன்னது நான். மாராத்தாள் மேலே சுற்றுகிற விசிறியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போச்சுங்க" என்றேன்.

"அம்மா, கேக்கற முதல் கேள்வியே அதுதான் இருக்கும். அதுக்குப் பதில் இல்லாத மனுவ எதுக்குச் சுமந்துட்டுப் போறீங்க?"

மனுவை மடித்துக் கொடுத்தார். வெளியே வந்தோம்.

ஒரு காப்பி ஓட்டலில் நுழைந்தேன். மாராத்தாள் வாசலிலேயே நின்றாள். உள்ளே வா என்றேன். "இருக்கட்டுமுங்க" என்றாள். பரிமாறுகிறவர் எட்டிப் பார்த்து, "ரெண்டு காப்பிதானே? வந்து உக்காருங்கம்மா, வழியில நிக்காதீங்க" என்று இரண்டு டம்ளரை ஒரே மேசையில் வைத்துவிட்டுப் போனார். எந்த டம்ளர் யாருக்கு என்று அவருக்குக் கவலை இல்லை. எங்கள் வீட்டில் அவளுக்குச் சிரட்டையில்தான் ஊற்றுவது. இத்தனை வருஷத்தில் அவளோடு எதிரெதிராக உட்கார்ந்து குடித்தது அதுதான் முதல் தடவை. "ஆறிப் போகுது, குடி" என்றேன். காப்பி நன்றாக இருந்தது. இன்னொன்றும் வாங்கிக் குடித்தோம்.

அன்றைக்குப் போத்தனூரில் என் தங்கை மகள் வீட்டில் தங்கினோம். அவள் வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை. வீடு ரயில் பாதைக்குப் பக்கத்தில். வண்டி போகும்போதெல்லாம் அலமாரிப் பாத்திரம் பேசும். சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தாள். ஆறு ஈடு தின்றேன். மாராத்தாள் எட்டு ஈடு.

இரண்டாம் நாள் காலையில் ரயில். போத்தனூரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரு வண்டி நிற்கிறது. வழி சொல்ல வந்த மருமகனை, "எங்களுக்குத் தெரியும் கண்ணு, நீ வேலைக்குப் போ" என்று அனுப்பிவிட்டேன். நின்ற வண்டிகளிலேயே பெரியதாக, நன்றாக இருந்ததில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தோம். எதிரில் ஒரு மலையாளத்து அம்மாள், மடியில் நேந்திரங்காய் வறுவல். எங்களுக்கும் ஒரு கை கொடுத்தாள். வண்டி புறப்பட்ட பிறகு, எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். உடுமலைப்பேட்டை என்றேன். அவள் சிரித்துச் சிரித்து, தன் பாஷையில், இந்த வண்டி பாலக்காட்டுக்குப் போகிறது, நீங்கள் போக வேண்டிய ஊர் வேறு திசையில் இருக்கிறது, வேண்டுமானால் எங்கள் வீட்டில் வந்து இரண்டு நாள் இருங்கள் என்றாள்.

"கேட்டுட்டு ஏறலாமுன்னு சொன்னேனுங்க" என்றாள் மாராத்தாள்.

"எப்பச் சொன்னே?"

"இப்பத்தானுங்க."

மதுக்கரையில் இறங்கினோம். அந்த ஊரில் மரம், ஆடு, கூரை எல்லாவற்றின் மேலும் சிமெண்டுத் தூள். காக்கைகூட வெள்ளை பூசினாற்போல இருந்தது. திரும்பிப் போக வண்டி எப்போது என்று கேட்டால் மத்தியானம் என்கிறார்கள். அதற்குள் அதிகாரி அணைக்கட்டைப் பார்த்துவிட்டு வேறெங்காவது போய்விட்டால்? ரோட்டோரம் நின்றுகொண்டிருந்த லாரிக்காரரிடம், சிமெண்டு எங்கே போகிறது என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"உடுமலைப்பேட்டைப் பக்கம், அமராவதி அணைக்கட்டுக்குங்க."

பாலக்காட்டு வண்டியில் ஏறியதற்காக அதுவரை என்னை நானே திட்டிக்கொண்டிருந்தேன். உடனே நிறுத்திக்கொண்டேன்.

முன்னால் ஒருவருக்குத்தான் இடம். என்னை அங்கே உட்காரச் சொன்னார். மாராத்தாள் பின்னால் மூட்டை மேல் போவதாக இருந்தால் நானும் அங்கேயே வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன். மூட்டை மேல் சாய்ந்துகொண்டு போவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. பொள்ளாச்சி தாண்டியதும் தென்னந்தோப்பு. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வாய்க்காலில் தண்ணீர், அதில் எருமைகள் மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கிடந்தன. "அந்த எருமைக்கு இருக்கற யோகத்தப் பாருங்க" என்றாள் மாராத்தாள். வழியில் நிறுத்தி டிரைவர் எங்களுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். எங்கள் கட்டுச்சோற்றில் பாதியை அவருக்குக் கொடுத்தோம். அவர் எங்கள் புளிச்சோற்றைப் புகழ்ந்தார். நாங்கள் பரோட்டாவைப் பற்றி மரியாதைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அணைக்கட்டு வந்தது. இரண்டு மலைக்கு நடுவே ஒரு மூன்றாவது மலையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். யந்திரங்கள் ஒரு பக்கம் உறுமுகின்றன. இன்னொரு பக்கம் சாரை சாரையாகப் பெண்கள் தலையில் கூடையோடு ஏறுகிறார்கள். எங்கள் கூடை மாதிரியே கூடை. "டில்லிக் காசானாலும் கூடை கூடைதானுங்க" என்றாள் மாராத்தாள்.

டில்லி அதிகாரி ஒரு புளியமரத்தடியில் நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. பக்கத்தில் ஓர் இளவயது இஞ்சினீயர், நம்மவர். எங்கள் இருவரையும் பார்த்து அதிகாரி இளநீரைக் கீழே வைத்தார். தலைமுதல் கால்வரை சிமெண்டு. புருவம்கூட வெள்ளை. இஞ்சினீயர், "வேலைக்கு ஆள் எடுக்கறது அந்தப் பக்கங்கம்மா" என்றார்.

"நாங்க வேலை முடிச்சுப்போட்டுத்தான் வந்திருக்கறமுங்க" என்றேன்.

மனுவை நீட்டவில்லை. வாயாலேயே சொன்னேன். குட்டை, உடைப்பு, இரண்டு மைல் நடை, ஐம்பது பெண்கள், கரை, மழை எல்லாம் சொன்னேன். இஞ்சினீயர் அதை இங்கிலீஷில் சொன்னார். நான் ஒரு வண்டி சொன்னால் அவர் ஒரு கூடை சொன்னார்.

"கண்ணு, நான் சொன்னதுல பாதி எங்கே போச்சு?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் கொஞ்சம் சொன்னார்.

அதிகாரி கேட்டது குமாஸ்தா சொன்ன அதே கேள்விதான். சாட்சிகள் என்ன ஆயின?

மாராத்தாள் இந்த முறை மேலே பார்க்கவில்லை. பார்க்க விசிறியும் இல்லை. கீழே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நான்தானுங்க வெட்டச் சொன்னேன்" என்றேன். "இவ வேண்டாமுன்னுதான் சொன்னா. நான் கேக்கலே. நீங்க வர்றீங்கன்னு சொன்னாங்க. ஒரம்பரை வர்ற எடம் மொட்டைமொட்டையா இருக்கக் கூடாதுன்னு எல்லாத்தையும் நிரவிப்போட்டேன். தப்பு என்னோடதுதானுங்க. ஊரோட தப்பு இல்லே."

இதை இஞ்சினீயர் ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். அதிகாரி கேட்டுக்கொண்டே வந்தவர் கடைசியில் சிரித்துவிட்டார். தன் ஊருக்கு ஒரு மந்திரி வருகிறார் என்று தன் தாயார் கொல்லையிலிருந்த எருக்குழியை மூடிவிட்டதாகவும், மந்திரி பார்க்க வந்ததே அந்த எருக்குழியைத்தான் என்றும் சொன்னாராம். பிறகு சிரிப்பை நிறுத்தி, அளக்காமல் கொடுத்தால் நாளைக்கு எந்த ஊரும் பழைய கரையைக் காட்டிக் கேட்கும், எனக்கு மனம் இருந்தாலும் வழி இல்லை என்றார். இஞ்சினீயர் அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போது மாராத்தாள் பேசினாள்.

"ஏனுங்க, பழைய கரை கருமண்ணுங்க. நாங்க மேட்டுல இருந்து எடுத்துப் போட்டது செம்மண்ணு. கரையைக் குறுக்கால வெட்டிப் பாத்தா, எது பழசு எது புதுசுன்னு கோடு போட்ட மாதிரி தெரியுமுங்க. குழியில அளந்தா என்ன, கரையில அளந்தா என்னங்க?"

ஏழு மாதம் போட்டு, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கிய கரை. மழைக்கு முன்னால் அதை வெட்டுவதா? "என்ன பேச்சுப் பேசறே மாரா" என்றேன்.

"நாம வெட்டுனத நாமளே மூடிக்கலாமுங்க. கல்லு இல்லாமெ மழை வெட்டுனாத்தான் மூட முடியாது."

அதிகாரியும் இஞ்சினீயரும் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டார்கள். பிறகு இஞ்சினீயர் சொன்னார்: "அளவு வேணுமுன்னு சொல்றதுதான் டில்லியோட வேலையாம். எங்க அளக்கறதுன்னு டில்லிக்குத் தெரியாதாம், அது உங்க ஊருக்குத்தான் தெரியுமாம். நாளைக்கு ஐயா தாராபுரம் வழியாத்தான் போறாரு. உங்க பிளாக் ஆபீசரையும் ஓவர்சியரையும் அங்க வரச் சொல்லித் தந்தி குடுக்கறேன்."

இரவு கூலிப் பெண்களின் கொட்டகையில் படுத்துவிட்டு, மூன்றாம் நாள் அதிகாரியின் ஜீப்பில் போனோம். லாரியே மேல். ஜீப்பில் எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கும்பிடு போடும். தாராபுரத்தில் ஆற்றைத் தாண்டும்போது அதிகாரி நிறுத்தச் சொல்லி, இறங்கி முகம் கழுவினார். நாங்களும் அங்கேதான் மிச்சமிருந்த சிமெண்டைக் கழுவினோம்.

ஊருக்குள் ஜீப் நுழைந்தபோது கூட்டம் கூடிவிட்டது. பிளாக் ஆபீசரும் ஓவர்சியரும் முன்னாலேயே வந்து நின்றார்கள். பஞ்சாயத்துத் தலைவர் மாலையோடு வந்தார். மாலை அப்புறம், மண்வெட்டி எடுத்து வாருங்கள் என்றேன். கரையை வெட்டப் போகிறோம் என்று தெரிந்ததும் பெண்கள் சத்தம் போட்டார்கள். பொன்னாத்தாள் என்கிறவள் கரை மேலேயே உட்கார்ந்துகொண்டாள். "என்ற கை காப்புக் காய்ச்சது இதுலதான். என்னைய வெட்டிட்டு வெட்டுங்க" என்றாள். என் தப்பால்தான் இது வந்தது என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டு, முதல் வெட்டை நானே வெட்டினேன். அதிகாரியிடம் சொன்னதைவிட இது கஷ்டமாக இருந்தது. பொன்னாத்தாள் எழுந்து நகர்ந்துகொண்டாள்.

மூன்று இடத்தில் வெட்ட வேண்டும் என்று ஓவர்சியர் சொன்னார். முதல் இடத்தில் மாராத்தாள் சொன்னபடியே இருந்தது. அடியில் கருமண், மேலே செம்மண், நடுவில் கோடு. இரண்டாம் இடத்திலும் அப்படியே. அளந்து எழுதிக்கொண்டார். மூன்றாம் இடத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரே கருப்பு.

ஓவர்சியர் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்து மேட்டில் பாறை தட்டிவிட்டதால், குட்டைக்குள்ளிருந்தே வண்டலை எடுத்துப் போட்டோம். பழையதும் கருப்பு, புதியதும் கருப்பு.

"மூணுல ரெண்டு தெரிஞ்சா போதாதுங்களா?" என்று தலைவர் கேட்டார். பிளாக் ஆபீசர் தலையை ஆட்டினார். மூன்று இடமும் வேண்டும்.

மாராத்தாள் வெட்டுக்குள் இறங்கினாள். மண் சுவரில் முகத்தை வைத்து, ஒரு விரலால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நின்றாள். நகத்தால் சுரண்டினாள். மயிர் மாதிரி காய்ந்த வேர்கள் வந்தன. அதே மட்டத்தில் பக்கத்தில் சுரண்டினாள். அங்கேயும் வேர்.

"கோரைங்க" என்றாள். "பழைய கரை மேல மொளைச்சுக் கெடந்த கோரைப்புல்லு. நாம மண்ணப் போட்டு மூடுனதுங்க. இதுக்குக் கீழ தாத்தன் கட்டுனது. மேல நாம கட்டுனது."

டில்லி அதிகாரி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெட்டுக்குள் இறங்கினார். அந்த வேரைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஓவர்சியரைப் பார்த்து ஒரே வார்த்தை சொன்னார். அதைத் தமிழில் சொல்ல இஞ்சினீயர் எங்களோடு வரவில்லை, ஆனாலும் எல்லாருக்கும் புரிந்தது. நாடா இறங்கியது.

கணக்குப் பார்த்தபோது, ஊர் செய்ய வேண்டிய பாதிக்கு மேலேயே செய்திருக்கிறது என்று தெரிந்தது. பிளாக் ஆபீசர் அங்கேயே மாட்டு வண்டிச் சட்டத்தின் மேல் காகிதத்தை வைத்து எழுத, டில்லி அதிகாரி கீழே கையெழுத்துப் போட்டார். நாளை மறுநாள் கல் லாரி வரும் என்றார்கள். அதிகாரிக்கு அரிசிம்பருப்புச் சோறு போட்டேன். நெய் போதும் போதும் என்று அவர் கையை மறைத்தார். எந்த ஊர்க்காரர் ஆனாலும் அந்தக் கைச்சாடை ஒன்றுதான். நான் விடவில்லை.

நான்காம் நாள் பொழுது விடிந்ததும் கரையை மூட ஆட்களோடு போனேன். வெட்டின மண் குவியலாகக் கிடந்தது. அன்றைக்கே மூடிவிட வேண்டும் என்று ஓவர்சியர் சொல்லியிருந்தார். ஆனால் கரைக்குக் கீழே, இரண்டு வளவுப் பெண்களும் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன்.

"பாக்கறதுக்குங்க" என்றாள் பொன்னாத்தாள்.

ஏழு மாதம் சுமந்தவர்களில் ஒருத்தியும் அதை ஒன்றாகப் பார்த்ததில்லை. கூடை கூடையாகக் கொட்டினார்கள், மிதித்தார்கள், வீட்டுக்குப் போனார்கள். இப்போது ஒவ்வொருத்தியாக முதல் வெட்டுக்குள் இறங்கினாள். கருமண் கோட்டை ஒட்டி விட்டிருந்த படியில் ஏறி நின்று, செம்மண் எதுவரை இருக்கிறது என்று பார்த்தாள். ஒருத்தி மண் சுவரில் முதுகை ஒட்டி நின்று உயரம் பார்த்தாள். ஒருத்தி கையில் இருந்த குழந்தையைத் தூக்கித் தூக்கிக் காட்டினாள். தனக்கு முன்னால் போனவளை, "போதும் வாடி, குடியிருக்கவா போனே" என்று அதட்டிக்கொண்டே அடுத்தவள் இறங்கினாள்.

மாராத்தாள் கடைசியாக இறங்கினாள். அந்தப் படியில் நின்று கையை மேலே நீட்டினாள். விரல் நுனிக்கும் மேலே இன்னும் செம்மண் இருந்தது.

"ஆத்தா, நம்ம பொம்பளைங்க சுமந்தது நம்மள விட ஒசரமுங்க" என்றாள். "நீங்களும் எறங்கி வந்து பாருங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பொழுது சாயும்வரை கரையை மூடவில்லை.